அரசு மருத்துவமனையின் பாலின வழிகாட்டுப் பிரிவு: ஒரு திருநம்பியின் மதிப்பீடு

தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் இயங்கும் பாலின வழிகாட்டுப் பிரிவைப் பற்றியது இந்த மதிப்பீடு. ஊரின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். இங்கே எழுதும் குறைகளில் பெரும்பாலானவை எந்த மாவட்டத்து அரசு மருத்துவமனைக்கும் பொருந்தக்கூடியவை. பெயரைச் சொன்னால், அதற்கான விளக்கக் கடிதம் சீட்டு எழுதும் ஒப்பந்தப் பணியாளரின் கைக்குத்தான் போய்ச் சேரும். நான் நாற்பது வயதை நெருங்கும் திருநம்பி; பிறந்தபோது பெண் என்று குறிக்கப்பட்டு, ஆணாக வாழ்பவன். ஹார்மோன் சிகிச்சையும் மார்பு அறுவை சிகிச்சையும் இந்தப் பிரிவின் வழியாகவே பெற்றேன். இன்றும் அங்கேதான் செல்கிறேன்.

திருநங்கைகளும் திருநம்பிகளும் அடங்கிய திருநர் சமூகத்தின் நலனில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது என்பது வெறும் மேடைப் பேச்சு அல்ல. நாட்டிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் 2008ஆம் ஆண்டு இங்கேதான் அமைந்தது. பாலின மாற்று அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் செய்யத் தொடங்கியதும் இங்கேதான். அதற்கு முன்பு திருநங்கைகளுக்கு இருந்த வழி ஜமாத் எனப்படும் தங்கள் குழுவுக்குள், தாயம்மா என்ற மூத்த திருநங்கையின் கையால் நடக்கும் நிர்வாணம் என்ற ஆணுறுப்பு நீக்கச் சடங்கு, அல்லது ரகசியமாக அறுத்து அனுப்பும் தனியார் மருத்துவர். இரண்டிலும் இரத்தப்போக்குக்கும் சீழுக்கும் பொறுப்பேற்பவர் எவரும் இல்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்த இந்தப் பிரிவுகளை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மனநலம், நாளமில்லாச் சுரப்பியியல் (ஹார்மோன் மருத்துவம்), ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சை (பிளாஸ்டிக் சர்ஜரி), மகளிர் நோய், சிறுநீரகவியல், தோல் ஆகிய துறைகளின் மருத்துவர்களை ஒரே நாளில் ஒரே இடத்தில் பார்க்க முடிய வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

எங்கள் மருத்துவமனையில் அந்த இடம் பழைய கட்டடத்தின் முதல் மாடியில், தோல் பிரிவுக்கு அடுத்து இருக்கும் இரண்டு அறைகள். வெளியே ஒரு நீள பெஞ்சும் சில பிளாஸ்டிக் நாற்காலிகளும் உண்டு. மின்விசிறி ஓடுகிறது, குடிநீர் இருக்கிறது. அரசு மருத்துவமனைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இந்த இரண்டின் மதிப்பும் தெரியும். அறை வாசலில் ஆலோசகராக உட்கார்ந்திருப்பவர் ஒரு திருநங்கை, எல்லோருக்கும் அக்கா. வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது "என்ன பேர் சொல்லிக் கூப்பிடட்டும்?" என்பதைத்தான். கேட்ட பெயரை ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் பென்சிலால் எழுதிவிடுகிறார். உள்ளே இருக்கும் மருத்துவர் அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு அந்தப் பென்சில் பெயரைப் படித்தே அழைக்கிறார். ஆதார் அட்டையில் பெயர் மாறாத இருபது வயதுப் பிள்ளை ஒன்று, தன் பெயரை வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வாயிலிருந்து முதன்முறையாகக் கேட்டு, எழுந்து போகவும் மறந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பென்சிலுக்கு எந்த அரசாணையும் கிடையாது. அக்காவே கண்டுபிடித்த ஏற்பாடு.

மனநல மருத்துவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்களில் பலர் மருத்துவமனைக்கே வராமல் போவதற்கு அந்த நாற்காலிதான் காரணமாக இருந்திருக்கிறது. இருபதுகளில் என்னை வீட்டார் ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அவர் என்னிடம் ஐந்து நிமிடமும் என் அப்பாவிடம் அரை மணி நேரமும் பேசினார். பிறகு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து, சீக்கிரம் கல்யாணம் செய்து வைக்கச் சொன்னார். இன்று அப்படிச் செய்ய முடியாது, செய்தால் தண்டனைக்கு இடம் உண்டு. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ சிகிச்சை என்ற பெயரில் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்து, அதில் ஈடுபடும் மருத்துவர்களின் உரிமத்தின் மீதே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 முதல் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், எங்கள் நிலை மனநோய் என்ற அத்தியாயத்திலேயே இல்லை.

இந்தப் பிரிவின் மனநல மருத்துவர் இவற்றையெல்லாம் அறிந்தவர் என்பது அவர் கேட்கும் கேள்விகளிலேயே தெரிகிறது. "எத்தனை வயசுல இருந்து இப்படி?" என்று அவர் தொடங்குவதில்லை. தூக்கம் எப்படி, வேலை இருக்கிறதா, எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டில் யாராவது பேசுகிறார்களா, சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்பவையே அவருடைய கேள்விகள். வீட்டை விட்டு வெளியேறிய ஒருவருக்கு மன அழுத்தம் இருப்பதற்கும் அவர் திருநராக இருப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, நடுவில் வாடகைக்கு வீடு கொடுக்காத ஒரு தெருவே இருக்கிறது என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. ஹார்மோன் தொடங்குவதற்கான சான்றை அவர் இழுத்தடிப்பதும் இல்லை. ஆனால் அவர் விடுப்பில் போனால் அந்த வெள்ளிக்கிழமையில் எவருடைய கோப்பும் நகராது. மாற்று மருத்துவர் வரும்போது அந்தப் பழைய கேள்வி திரும்ப வந்துவிடுகிறது.

அதில் மாற்று மருத்துவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் படித்த பாடம் அப்படி. இளநிலை மருத்துவப் படிப்புக்கான வழிகாட்டு நெறிகளில், தன்பாலின உறவை இயற்கைக்கு மாறான பாலியல் குற்றம் என்று வகைப்படுத்தும் பகுதியைத் தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் சேர்த்தது; எதிர்ப்புக் கிளம்பியதும் செப்டம்பர் முதல் வாரத்திலேயே அந்த நெறிகளைத் திரும்பப் பெற்றது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் குற்றமில்லை என்று சொல்லி ஆறு ஆண்டுகள் கழிந்த பிறகும் பாடத்திட்டம் எழுதுகிறவர்களின் கை பழைய பக்கத்துக்கே போகிறது என்றால், மாணவரின் வாயில் அந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை.

ஹார்மோன் சிகிச்சை இப்பிரிவின் மிகச் சிறந்த பகுதி. தொடங்கும் முன் இரத்த அணுக்கள், கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். குரல் உடைவதும் தாடி வளர்வதும் நிறுத்தினாலும் திரும்பாது. மாதவிடாய் நின்றாலும் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றிலும் போய்விடாது. பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே யோசிக்க வேண்டும் - இவற்றையெல்லாம் நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் தமிழில், அவசரமில்லாமல் சொன்னார். நண்பர்களின் பேச்சையும் யூடியூப்பையும் நம்பி உடற்பயிற்சிக் கூடத்து ஆட்களிடம் ஊசி வாங்கிப் போட்டுக்கொண்ட தம்பிகள் சிலரை எனக்குத் தெரியும். முகப்பரு முதுகு வரை பரவி, இரத்தம் தடித்துத் தலைசுற்றலோடு வந்தவர்கள் அவர்கள். அவர்களையும் இந்த மருத்துவர் திட்டி அனுப்பவில்லை. போட்ட மருந்தின் பெயரைக் கேட்டு, அளவைச் சரிசெய்து, இனிமேல் இங்கே வரச் சொன்னார்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி எண்ணெயில் கரைத்தது, கெட்டியாக இருக்கும். வேகமாக ஏற்றினால் இரண்டு நாளைக்கு உட்கார முடியாது. எங்களுக்கு ஊசி போடும் செவிலியர் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சிறிது நேரம் உருட்டிச் சூடாக்குகிறார். மருந்தை உறிஞ்ச ஓர் ஊசி, போட வேறோர் ஊசி என்று மாற்றுகிறார். பிறகு மெதுவாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போடுகிறார். போன முறை வலது பக்கமா இடது பக்கமா என்று கேட்டுப் பக்கம் மாற்றுவதையும் அவர் மறப்பதில்லை. "சிஸ்டர், நீங்க போட்டா வலிக்கிறதே இல்ல" என்று ஒரு தம்பி சொன்னதற்கு, "வலிச்சா சொல்லிடுப்பா, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காத" என்றார். தனியார் மருத்துவமனையில் இதே ஊசிக்கு மருந்துக்கும் ஆலோசனைக்கும் சேர்த்து ஒவ்வொரு முறையும் கணிசமான தொகை போகும். மூன்று வாரத்துக்கொரு முறை, ஆயுள் முழுவதும் போட வேண்டிய மருந்துக்கு அந்தக் கணக்கைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து எப்போதும் இருப்பில் இருப்பதில்லை. திருநங்கைகளுக்கான ஈஸ்ட்ரோஜன் மாத்திரை வேறு நோய்களுக்கும் பயன்படுவதால் ஓரளவு கிடைக்கிறது. எங்கள் ஊசிதான் அடிக்கடி தீர்ந்துபோகிறது. தீர்ந்துபோன வாரங்களில் மருந்து கொடுக்கும் சாளரத்தில் "வெளிய வாங்கிக்கோங்க" என்ற ஒரே பதில் வரும். எப்போது வரும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்தச் சாளரத்தில் இல்லை. இடைவெளி நீண்டால் நின்றுபோன மாதவிடாய் திரும்ப வரும். ஒரு திருநம்பிக்கு, அதுவும் ஆண்கள் விடுதியில் தங்கியிருப்பவருக்கு, அது எத்தகைய நெருக்கடி என்பதைக் கொள்முதல் பட்டியல் தயாரிப்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

மார்பு அறுவை சிகிச்சை ஒட்டுறுப்புத் துறையில் நடந்தது. பல மாதக் காத்திருப்பு, இரண்டு முறை தேதி மாற்றம், பிறகு ஒரு காலை. அறுவை தேர்ந்த கையால் நடந்தது. தழும்பு நேராக, மார்புத் தசையின் விளிம்போடு ஒட்டி இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருந்த வடிகுழாயில் சேரும் நீரைக் காலையும் மாலையும் அளந்து எழுதினார்கள். கட்டணம் எதுவும் இல்லை. தனியாரில் இதே சிகிச்சைக்கு லட்சங்களில் பேசுவார்கள் என்பதால், எங்களில் பலர் இறுக்குத் துணி கட்டியே காலத்தை ஓட்டுகிறார்கள். வியர்வையில் தோல் புண்ணாவதும் மூச்சு முட்டுவதும் முதுகு வலியும் அந்தத் துணியோடு வருபவை. பிரிவின் தோல் மருத்துவர் அதற்கென்றே சட்டையைத் தூக்கிப் பார்த்து, எத்தனை மணி நேரம் கட்டலாம், இரவில் ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்லித் தருகிறார்.

அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதுதான் முதல் தடை வந்தது. என் கையெழுத்து போதாது, இரத்த உறவு ஒருவர் வர வேண்டும் என்றார் வார்டு எழுத்தர். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலே சட்டப்படி போதுமானது; உறவினர் கையெழுத்து என்பது பிற்பாடு தகராறு வராமல் இருக்க மருத்துவமனைகள் வைத்துக்கொண்ட வழக்கம். அதைச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. எட்டு ஆண்டுகளாக என்னோடு வாழும் என் இணையர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்ற கேள்விக்கு அவர் சொல்லக்கூடிய பதில் எதுவும் அந்தப் படிவத்தின் கட்டங்களில் இல்லை. கடைசியில் அக்கா வந்து பேசி, உடனிருப்பவர் என்ற இடத்தில் அவரைக் கையெழுத்திட வைத்தார். தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்த பிறகு, மத்திய சுகாதாரத் துறை 2024 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலை இணையர் பெற்றுக்கொள்ளலாம் என்று கூறப்பட்டது. உடலைப் பெறும் உரிமை கடிதமாக வந்துவிட்டது. உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் இருக்கும் உரிமை இன்னும் வார்டு எழுத்தரின் மனப்போக்கைப் பொறுத்தே இருக்கிறது.

இதுவரை எழுதியதில் பாராட்டே மிகுதி என்று தோன்றலாம். ஆம், அந்த இரண்டு அறைகளுக்குள் பாராட்ட நிறையவே இருக்கிறது. ஆனால் எங்கள் உடம்புக்கு வரும் நோயெல்லாம் வெள்ளிக்கிழமை பார்த்து வருவதில்லை, பாலினத்தைப் பற்றியதாக மட்டுமே இருப்பதும் இல்லை. காய்ச்சலும் பல்வலியும் மூலமும் இரத்தக் கொதிப்பும் எங்களுக்கும் உண்டு. அவற்றுக்காகத் திங்கட்கிழமை வரும்போது அதே மருத்துவமனை வேறு மருத்துவமனையாகிவிடுகிறது. இந்த மதிப்பீட்டில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

சீட்டுப் போடும் இடத்தில் கணினித் திரையில் ஆண், பெண், மற்றவர் என்று மூன்று தெரிவுகள் இருக்கின்றன. வரிசை மட்டும் இரண்டுதான். திருநங்கைகள் எந்த வரிசையில் நின்றாலும் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும். நான் இப்போது பார்ப்பதற்கு ஆண். வரிசையில் எனக்குத் தொந்தரவில்லை. சீட்டு கைக்கு வந்த பிறகே என் தொந்தரவு தொடங்கும். பழைய பதிவெண்ணில் பாலினம் பெண் என்றே இருக்கிறது. அடையாள அட்டை காட்டி மாற்றச் சொன்னால், மாற்றும் அதிகாரம் மருத்துவப் பதிவேட்டுத் துறைக்கு என்கிறார்கள். அங்கே போனால் வெள்ளிக்கிழமைப் பிரிவிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்கிறார்கள்.

பாலினத்தைக் குறிக்கும் இந்த ஓர் எழுத்தின் விளைவு ஆய்வகத்தில்தான் விளங்கியது. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு ஹீமோகுளோபின் ஆண்களின் அளவுக்கு ஏறும், அது எதிர்பார்க்கப்படுவதுதான். எனக்கு 16.2 இருந்தது. ஆணுக்கு அது இயல்பான அளவு. பெண் என்று பதிவான சீட்டுக்கு, இயல்பைவிட அதிகம் என்று கணினி குறியிட்டு அச்சிட்டுத் தருகிறது. பொது மருத்துவப் பிரிவில் இருந்த பயிற்சி மருத்துவர் அந்தக் குறியைப் பார்த்துப் பதறி, இரத்தவியல் பிரிவுக்கு அனுப்பினார். அரை நாள் அலைந்த பிறகு அங்கிருந்த மூத்த மருத்துவர், "நீங்க ஹார்மோன் எடுக்கிறீங்களா?" என்று ஒரே கேள்வியில் முடித்து வைத்தார். இதன் எதிர்ப்பக்கம்தான் ஆபத்தானது. பதிவை ஆண் என்று மாற்றிவிட்டால், கருப்பையும் கருப்பைவாயும் இன்னும் உள்ளே இருக்கும் ஒருவரைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு எந்தப் பட்டியலும் அழைக்காது. முப்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அந்தப் பரிசோதனை கட்டணமின்றி நடக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் தெருவுக்கும் வருகிறது. சர்க்கரையும் கொதிப்பும் பார்க்கிறார்கள். என் கதவைத் தட்டும் பணியாளருக்கு நான் ஒரு ஆண். பதிவேட்டில் ஒரே ஓர் எழுத்துக்குப் பதிலாக, இன்னின்ன உறுப்புகள் இருக்கின்றன என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தால் போதும், இந்த இரண்டு சிக்கலும் தீரும்.

ஸ்கேன் எடுக்கப் போன நாளையும் குறிப்பிட வேண்டும். அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கர்ப்பிணிகள் நிறைந்த அந்தக் கூடத்தில் தாடியோடு உட்கார்ந்திருந்தேன். காவலர் மூன்று முறை வந்து, "சார், ஆம்பளைங்க வெளிய நில்லுங்க" என்றார். மூன்றாம் முறை சீட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, உரக்கப் படித்தார். பெஞ்சில் இருந்த ஒரு பாட்டி மட்டும், "அந்தத் தம்பிக்கும் வயித்துல ஏதோ நோவு போல, உக்காரட்டும் விடுய்யா" என்றார். பிறகு கழிப்பறை. 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 செப்டம்பரில் வெளியான விதிகள், மருத்துவமனைகளில் தனி வார்டுகளும் நிறுவனங்களில் கழிப்பறைகளும் உள்ளிட்ட வசதிகளை இரண்டு ஆண்டுக்குள் செய்து தரச் சொல்கின்றன. எங்கள் மருத்துவமனையில் அப்படியொரு கழிப்பறை இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சாவி வெள்ளிக்கிழமைப் பிரிவின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

திருநர் அல்லாத தன்பாலீர்ப்பாளர்களுக்கும் இருபாலீர்ப்பாளர்களுக்கும் இந்தப் பிரிவில் இடம் இல்லை. ஆண்களை விரும்பும் ஆணான என் நண்பர், மருத்துவமனையில் தன்னைப் பற்றி உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே இடம் நம்பிக்கை மையம்தான் என்கிறார். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் அங்கே நன்றாகவே நடக்கின்றன. நாட்டிலேயே முதன்முதலாக 1986இல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் மேற்கொண்ட முயற்சியால். அன்று முதல் இந்தத் துறையில் தமிழ்நாடு கட்டிய அமைப்பு உறுதியானது. ஆனால் நண்பர் போனது மூலத்துக்காக. அறுவைப் பிரிவில் மருத்துவரிடம் உண்மையைச் சொன்னதும் சிகிச்சைப் பேச்சு அங்கேயே நின்றது, எச்.ஐ.வி. பரிசோதனைக்குச் சீட்டு எழுதி நம்பிக்கை மையத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. மூலம் அப்படியே இருந்தது. திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அரசு செய்ய வேண்டிய மருத்துவ வசதிகளை அடுக்கும்போதும் முதல் உட்பிரிவாக எச்.ஐ.வி. கண்காணிப்பு மையங்களைத்தான் வைக்கிறது. ஹார்மோனும் அறுவை சிகிச்சையும் ஆலோசனையும் காப்பீடும் அதற்குப் பின்னால்தான். 2017ஆம் ஆண்டின் இரத்த தான வழிகாட்டு நெறிகளும் திருநர்களையும் ஆணோடு உறவு கொள்ளும் ஆண்களையும் மொத்தமாக விலக்கி வைத்தன. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது. எங்களில் தொற்றின் விகிதம் பொது மக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மைதான். நாட்டில் வயதுவந்தோரிடம் ஏறத்தாழ 0.2 சதவீதமாக இருக்கும் தொற்று, 2017ஆம் ஆண்டுக் கண்காணிப்பில் திருநர்களிடையே 3 சதவீதத்துக்கு மேல் இருந்தது. அப்படியென்றால் மற்ற 97 பேர் எந்த நோய்க்காக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று கேட்கவும் யாராவது வேண்டும்.

பெண்களை விரும்பும் பெண்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. மகளிர் நோய்ப் பிரிவில் "கல்யாணம் ஆச்சா?" என்பது மருத்துவக் கேள்வியாகவே நிலைத்துவிட்டது. அதற்கு இல்லை என்று சொன்னால் உள் பரிசோதனையே தவிர்க்கப்படுகிறது. ஆமாம் என்று சொன்னால் குழந்தை ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வருகிறது.

தனியாகத் தொண்டு நிறுவனம் நடத்தும் மருத்துவமனை இதைவிட மேலாக இருக்காதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஹைதராபாத்தில் 2021 ஜனவரியில் தொடங்கிய மித்ர் கிளினிக் அப்படிப்பட்டதுதான். மருத்துவர் முதல் வரவேற்பில் இருப்பவர் வரை திருநர்களே பணியாற்றிய இடம் அது. பொது நோய்க்கும் ஹார்மோனுக்கும் ஒரே கதவு. அமெரிக்க அரசின் உதவி நிதி நிறுத்தப்பட்டதும் 2025 ஜனவரி இறுதியில் அதை மூட வேண்டியதாயிற்று. பிறகு உள்நாட்டு நன்கொடையைக் கொண்டு வேறு பெயரில் திறந்தார்கள். எங்கள் வெள்ளிக்கிழமைப் பிரிவில் மின்விசிறி சில வாரம் நிற்கலாம், ஊசி தீரலாம். வேறொரு நாட்டில் ஆட்சி மாறியதற்காக ஒரே நாளில் பூட்டு விழாது. அரசு மருத்துவமனையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க எனக்கு இதுவே போதுமான காரணம்.

மதிப்பெண் கொடுப்பதென்றால் பிரிவுக்கு 5இல் 4 கொடுப்பேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பது ஊசி இருப்புக்காக. மருத்துவமனையின் மற்ற பகுதிகளுக்கு 2க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. அந்த இரண்டும் இரத்தவியல் பிரிவில் ஒரே கேள்வியில் என்னை விடுவித்த மூத்த மருத்துவருக்கும், விடுமுறை நாளிலும் தொலைபேசி எடுக்கும் அக்காவுக்கும். அக்காவின் வேலை இன்னும் ஒப்பந்த அடிப்படையில்தான் என்பதையும், அவர் இல்லாத வாரத்தில் பென்சில் பெயர் எழுத ஆள் இல்லை என்பதையும் நிர்வாகம் கவனிக்க வேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சீட்டுப் போடும் இடத்தில் எட்டு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிடும். ஏழரைக்குப் போய்விடுவது நல்லது. ஆதார் நகலோடு, மாவட்ட ஆட்சியர் வழியாகப் பெற்ற திருநர் சான்றிதழோ அடையாள அட்டையோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இல்லையென்றாலும் முதல் ஆலோசனைக்குத் தடை சொல்வதில்லை, விண்ணப்பிக்க அக்காவே உதவுகிறார். திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கும் ஆயுஷ்மான் பாரத் டி.ஜி. பிளஸ் திட்டத்துக்கு 2022 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்கும் அந்தச் சான்றிதழ்தான் அடிப்படை. ஏற்கெனவே ஹார்மோன் எடுத்துக்கொண்டிருப்பவர்கள், எங்கே வாங்கியதாக இருந்தாலும், காலிக் குப்பியையோ அட்டையையோ மறைக்காமல் கொண்டு போய்க் காட்டுங்கள். பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். திருநம்பிகள் போன கையோடு மகளிர் நோய் மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். அவர் மாதத்தின் முதல் வெள்ளியில் மட்டும் வருகிறார், அவரைப் பார்த்துவிட்டால் மற்ற நாட்களில் அந்தக் கர்ப்பிணிகள் கூடத்தில் உட்கார வேண்டியிருக்காது. கழிப்பறைச் சாவியை மேசையில் கேட்டால் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை அரசு விடுமுறையாக வந்தால் அந்த வாரம் பிரிவு கிடையாது, வேறு நாளுக்கும் மாற்றுவதில்லை. ஊசித் தேதி அந்த வாரத்தில் வருமானால் முந்தின வெள்ளியிலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.